டிரோன் எடுக்கும் படம்: எதைச் சுருக்குவது, எதைக் காப்பது?

வாசக அன்பர்களுள் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தகவல் இலாகாவின் பட வண்டி நினைவிருக்கும். மாலையில் அவ்வண்டி தோட்டத்துத் திடலில் வந்து நிற்கும். வெள்ளைத் திரை கட்டப்படும். லயத்துப் பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னிடம் பிடிக்க ஓடுவார்கள். படம் காட்டுபவர் தகரப் பெட்டியைத் திறந்து எடுக்கும் சுருள் 16 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. ஒரு நொடிக்கு 24 படங்கள் என்ற கணக்கில் அது ஓடும். 400 அடி நீளமுள்ள சுருளில் 16,000 படங்கள் இருந்தன. பதினோரு நிமிடங்களில் அது தீர்ந்துவிடும். அடுத்த சுருளை மாட்டும் வரையில் பிள்ளைகளின் கூச்சல் வானைப் பிளக்கும்.

அந்தச் சுருளில் ஒவ்வொரு படமும் முழுப் படமாகவே இருந்தது. முந்திய படத்தில் நின்ற தென்னைமரம் அடுத்த படத்திலும் அசையாமல் அதே இடத்தில் நிற்கிறது என்றாலும், அதை மீண்டும் முழுமையாகவே பதிவு செய்ய வேண்டியிருந்தது.

இன்று செரண்டா, பத்தாங் காலி, கோலசிலாங்கூர் வட்டாரங்களில் டிரோன் என்னும் ஆளில்லா வானூர்தி மரங்களுக்கு மேலே பறப்பதை நாம் காண்கிறோம். செம்பனைக் கன்றுகளை எண்ணுவதற்கும், வடிகால் அடைத்திருக்கும் இடத்தைப் பார்ப்பதற்கும், திருமண ஊர்வலத்தையும் கோயில் தேரையும் படம் பிடிப்பதற்கும் அது பயன்படுகிறது. அதன் வயிற்றில் செருகியுள்ள நினைவட்டை கட்டைவிரல் நகத்தின் அளவுதான். 64 கிகாபைட் கொள்ளளவுள்ள அத்தகைய ஓர் அட்டையில் ஒன்றேகால் மணி நேரத்துக்கும் அதிகமான காணொளி அடங்குகிறது. பதினோரு நிமிடப் படத்துக்குத் தட்டு அகலச் சுருள் தேவைப்பட்ட காலத்தை நினைத்தால் இது மாயமாகத் தோன்றும்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. படக்கருவி கண்ட அனைத்தும் அட்டையில் அடங்குவதில்லை என்பதே உண்மை. பெரும்பகுதி, பறக்கும்போதே கழிக்கப்பட்டுவிடுகிறது. எது கழிக்கப்படுகிறது, எது காக்கப்படுகிறது என்பதை அறியாமல் டிரோன் படத்தை நம்பி முடிவெடுப்பவர் ஏமாற இடமுண்டு. சிறப்பாகப் பால்மரத்தை நம்பி வாழ்வோர் இதனை அறிந்திருத்தல் நலம்.

ஒரு கணக்கு

4கே எனப்படும் காணொளியில் ஒரு படம் அகலத்தில் 3,840 புள்ளிகளும் உயரத்தில் 2,160 புள்ளிகளும் கொண்டது. பெருக்கினால் ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள் வரும். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவுகளைக் குறித்துவைக்க மூன்று பைட் வேண்டும். ஆகவே ஒரு படத்துக்கு 25 மெகாபைட். நொடிக்கு 30 படங்கள் என்றால் 746 மெகாபைட். இப்படியே ஒன்றையும் கழிக்காமல் எழுதினால் 64 கிகாபைட் அட்டை எண்பத்தைந்து நொடிகளில் நிரம்பிவிடும்.

ஆனால் அதே அட்டையில் எண்பத்தைந்து நிமிடப் படம் அடங்குகிறது. அதாவது, அறுபது பங்கில் ஒரு பங்கே எழுதப்படுகிறது. நொடிக்கு 100 மெகாபிட் என்று டிரோன் பெட்டிகளின்மேல் அச்சிட்டிருப்பதன் பொருள் இதுவே. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் ஆதலால், 100 மெகாபிட் என்பது பன்னிரண்டரை மெகாபைட்.

நம் வேலையில் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. வாளியில் சேரும் பாலில் மூன்றில் ஒரு பங்களவே ரப்பர். மற்றது பெரும்பாலும் நீர். அந்த நீரையும் சேர்த்து நெடுந்தொலைவு சுமப்பது வீண் என்றுதான் பாலை உறைய வைத்து, உருளையில் அழுத்தி, புகையூட்டி, ஷீட்டாக்கி அனுப்பினார்கள். காணொளியைச் சுருக்குவதும் சுமையைக் குறைப்பதற்கே. ஆனால் ஷீட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால் அது மீண்டும் பாலாகாது. சுருக்கிய காணொளியும் அப்படியே. கழிந்தது கழிந்ததுதான், எந்தக் கணினியைக் கொண்டும் அதனை மீட்க இயலாது. இன்னொரு வேறுபாடும் உண்டு. ஷீட்டில் கழிவது நீர் மட்டுமே, ரப்பர் அன்று. காணொளியிலோ நீர் தீர்ந்த பிறகு ரப்பரிலும் கை வைக்கப்படுகிறது.

சுருக்குவது எவ்வாறு?

முதலில் கைவைக்கப்படுவது நிறத்தில். மனிதக் கண் ஒளியின் ஏற்றத்தாழ்வை நுணுக்கமாகக் காணும். நிறத்தின் நுணுக்கத்தை அவ்வளவாகக் காணாது. இதனை அறிந்த பொறியியலாளர்கள், பக்கத்துப் பக்கத்தில் உள்ள நான்கு புள்ளிகளுக்கு ஒளியளவைத் தனித்தனியே குறித்துவிட்டு, நிறத்தை மட்டும் நான்குக்கும் பொதுவாக ஒன்றே குறித்தார்கள். இதனால் சுமை பாதியாகிறது. பார்ப்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை.

அடுத்து, படம் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒளி மெல்ல மாறும் பெரிய அலைகளாகவும், சடுதியில் மாறும் சிற்றலைகளாகவும் பகுக்கப்பட்டு, பெரிய அலைகள் காக்கப்படுகின்றன. சிற்றலைகளுள் பல விடப்படுகின்றன. இந்தக் கணித முறையைக் கண்டவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. தம் ஆய்வுக்கு 1972-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பொருளுதவி கேட்டார். கருத்து மிக எளிதாக இருக்கிறது என்பதால் அது மறுக்கப்பட்டது. அவர் விடவில்லை. நடராஜன் என்னும் தம் மாணவருடனும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற கே. ஆர். ராவ் அவர்களுடனும் சேர்ந்து 1974-இல் அதனை வெளியிட்டார். இன்று நம் கைப்பேசியில் திறக்கும் ஏறத்தாழ ஒவ்வொரு படத்துக்கும் அடியில் அந்த எளிய கருத்தோ அதன் வழிவந்த ஒன்றோ இருக்கிறது. மறுத்தவர்களின் பெயர் யாருக்கும் நினைவில்லை.

மூன்றாவது வழியே மிகப் பெரும் மிச்சத்தைத் தருவது. எல்லாப் படங்களையும் முழுமையாக எழுதாமல், ஒரு படத்தை மட்டும் முழுமையாக எழுதிவிட்டு, அதன் பின் வருபவற்றுக்கு மாற்றத்தை மட்டும் எழுதுவது. தென்னைமரம் நின்ற இடத்தில் நிற்கிறது என்றால், 'முன்போலவே' என்று ஒரு குறிப்புப் போதும். டிரோன் நகர்வதால் மரம் படத்தில் இடப்பக்கம் பத்துப் புள்ளி தள்ளித் தெரிகிறது என்றால், 'அதே கட்டம், பத்துப் புள்ளி தள்ளி' என்று எழுதினால் போதும். பெரட்டுக் களத்தில் கிராணி தினமும் எல்லார் வரலாற்றையும் எழுதுவதில்லை. வந்தவர் யார், வராதவர் யார் என்று குறித்து முடித்துவிடுகிறார். அதைப் போன்றதே இது.

எச்.264, எச்.265

இம்மூன்று வழிகளையும் எவ்வளவு திறமையுடன் கையாள்வது என்பதில்தான் சுருக்க முறைகள் தம்முள் வேறுபடுகின்றன. 1990-ஆம் ஆண்டுகளில் நம் வீடுகளுக்கு வந்த வி.சி.டி. தட்டு எம்பெக்-1 முறையிலும், பின்னர் வந்த டி.வி.டி. எம்பெக்-2 முறையிலும் அமைந்தவை. 2003-இல் எச்.264 முறை வந்தது. 2013-இல் எச்.265 முறை வந்தது. டிரோன் வாங்குவோர் தெரிவு செய்ய வேண்டியது பெரும்பாலும் இவ்விரண்டுள் ஒன்றைத்தான்.

எச்.264 படத்தைப் பக்கத்துக்கு 16 புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரிக்கும். எச்.265, இடத்துக்கு ஏற்றவாறு 64 புள்ளி வரையில் பெரிய கட்டங்களையும் எடுத்துக்கொள்ளும். மேகமற்ற வானம், சிலாங்கூர் ஆற்றின் அமைதியான நீர்ப்பரப்பு போன்றவற்றைப் பெரிய கட்டத்தில் ஒரே வீச்சில் சொல்லிவிடலாம். நுணுக்கம் மிகுந்த இடத்தில் கட்டத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம். நகர்வைக் கணிப்பதிலும் அது கூர்மையானது. அதே தரமுள்ள படத்தை ஏறத்தாழப் பாதிச் சுமையில் தர வேண்டும் என்பதே அதனை வகுத்தவர்களின் குறிக்கோள்; பல வகைப் படங்களில் அது நிறைவேறியும் இருக்கிறது. நொடிக்கு 100 மெகாபிட் வீதம் அரைமணி நேரம் பறந்தால் 22 கிகாபைட்டுக்கு மேல் செலவாகும். எச்.265-இல் அதே தரத்துக்கு 11 அல்லது 12 கிகாபைட் போதுமானதாகலாம்.

அப்படியாயின் எல்லாரும் எச்.265-ஐயே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதற்கு இரு தடைகள். சுருக்கியதை விரித்துக் காட்ட அதிக உழைப்பு வேண்டும். பழைய கைப்பேசியும் மலிவான கணினியும் திணறும், அல்லது கருந்திரையைக் காட்டி நின்றுவிடும். இரண்டாவது, அம்முறையின் காப்புரிமைகள் பலர் கையில் சிதறிக் கிடப்பதால், சில கணினிகளில் அதைத் திறப்பதற்கான நிரலைத் தனியே விலைகொடுத்து வாங்க நேர்கிறது. எச்.264 ஆயின் எந்த வீட்டிலும் திறக்கும். இந்த உரிமைத் தொல்லைக்கு மாற்றாகப் பெருநிறுவனங்கள் பல கூடி 2018-இல் ஏ.வி.1 என்னும் கட்டணமற்ற முறையை வெளியிட்டன. இணையத்தில் படம் பார்ப்பதற்கு அது பரவி வருகிறது. ஆனால் டிரோனில் பதிவு செய்வதற்கு இன்னும் வழக்கில் ஊன்றவில்லை.

முறையின் பெயரை மட்டும் பார்த்து வாங்குவதும் தவறு. டி.ஜே.ஐ. நிறுவனம் 2016-இல் வெளியிட்ட மேவிக் புரோ, 4கே படத்தை எச்.264-இல் நொடிக்கு அதிக அளவாக 60 மெகாபிட் எழுதியது. அதே ஆண்டில் வந்த ஃபேண்டம் 4 புரோ 100 மெகாபிட் எழுதியது, எச்.265-உம் அதில் உண்டு. 2020-இல் வந்த சிறிய மினி 2, எச்.264 ஒன்றையே கொண்டது. ஆயினும் 100 மெகாபிட் எழுதும். 'எச்.264 பழையது' என்று ஒதுக்கிவிட்டு, எச்.265 என்று பெயர் போட்டு நொடிக்கு மிகக் குறைந்த அளவே எழுதும் மலிவுக் கருவியை வாங்குபவர் நட்டப்படுவார்.

பழைய சுருளைப்போல் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே முழுமையாக எழுதும் முறையும் இன்று இல்லாமல் இல்லை. 2021-இல் வந்த மேவிக் 3 சினி என்னும் டிரோன் புரோரெஸ் என்ற முறையில் அவ்வாறு எழுதும். நொடிக்கு 30 படங்கள் கொண்ட 4கே படத்துக்கு ஒரு நிமிடத்தில் ஆறரை கிகாபைட் செலவாகும். அது திரைப்படம் எடுப்போருக்கு உரியது. விலையும் அவர்களுக்கே கட்டுபடியாகும்.

இலைதான் கடினம்

இனி நமக்குரிய செய்திக்கு வருவோம்.

செலாங்கூரின் வடபகுதியில் ரப்பர் நிலம் பெரிதும் சுருங்கிவிட்டது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாகிய தென்னமரம் 1917-இல் கோலசிலாங்கூர் வட்டாரத்தில்தான் தொடங்கியது; பின்னாளில் பால்மரம் நின்ற நிலங்களுள் பலவும் அவ்வழியே சென்றன. எஞ்சியுள்ள பால்மரங்களுக்கு அண்மைக் காலத்தில் ஒரு பகை தோன்றியுள்ளது. பெஸ்டலோட்டியோப்சிஸ் என்னும் பூஞ்சையோடு தொடர்புடைய இலையுதிர்வு நோய் அது. 2016-இல் வட சுமத்திராவில் காணப்பட்டு, 2017-இல் மலேசியாவிலும் கண்டறியப்பட்டது. முற்றிய இலைகளில் வட்டமான பழுப்புப் புள்ளிகள் தோன்றி, இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. ஆண்டின் தொடக்கத்தில் மரம் இயல்பாக இலை உதிர்ப்பதை நாம் அறிவோம். இந்நோயோ அப்பருவத்துக்கு வெளியிலும் மீண்டும் மீண்டும் உதிர்க்கிறது. தழை மெலிந்தால் பால் குறையும். பால் குறைந்தால் வெட்டுபவரின் வருமானம் குறையும்.

மேலிருந்து பார்த்தால் எந்த நிரை மெலிந்திருக்கிறது என்று தெரியுமே என்று டிரோனை அனுப்புவது இயல்பு. ஆனால் சுருக்க முறைகளுக்கு உலகில் மிகக் கடினமானவற்றுள் ஒன்று, காற்றில் அசையும் தழை. மும்மூன்றாக அமைந்த ஆயிரமாயிரம் இலைகள் ஒவ்வொன்றும் தன் போக்கில் அசைகின்றன. 'முன்போலவே' என்று எழுத இடமில்லை. 'பத்துப் புள்ளி தள்ளி' என்று எழுதவும் இயலாது, ஏனெனில் பக்கத்து இலை எதிர்த்திசையில் சென்றிருக்கும். எழுத வேண்டிய மாற்றமோ மலைபோல் குவிகிறது. எழுதக் கிடைத்திருப்பதோ நொடிக்கு இவ்வளவு என்று அளந்துவிட்ட பங்கு. பால் மிகுந்த நாளில் லாரித் தொட்டி நிறைந்துவிட்டால் மிகுதியை எங்கே ஊற்றுவது? கருவி சிற்றலைகளை எல்லாம் கழித்துவிடுகிறது. இலைகளின் விளிம்பு மழுங்குகிறது. பச்சைச் சாயம் பூசிய பலகைபோல் காட்சி மாறுகிறது. நாம் காணச் சென்ற பொருளே முதலில் கழிகிறது.

தொலைவும் இதில் சேர்ந்துகொள்கிறது. வழக்கமான அகலக் கோண வில்லை பொருத்திய 4கே கருவியைத் தழைக்கு மேலே 30 மீட்டரில் நிறுத்தினால், படத்தின் ஒரு புள்ளி ஏறத்தாழ 1.2 சென்டிமீட்டர் இடத்தை அடக்கும். 100 மீட்டரில் 4 சென்டிமீட்டர். 15 சென்டிமீட்டர் நீள இலை, 30 மீட்டரிலிருந்து பன்னிரண்டு புள்ளி நீளம்; 100 மீட்டரிலிருந்து நான்கே புள்ளி. இலையின் மேலுள்ள ஒரு சென்டிமீட்டர் நோய்ப்புள்ளி, அண்மையிலிருந்தும் ஒரு படப்புள்ளிக்குக் குறைவு. நான்கு புள்ளிக்கு ஒரு நிறம் என்ற கணக்கை இங்கே நினைவுகூர்க. பச்சைக்கு நடுவே ஒற்றைப் புள்ளியாக நிற்கும் பழுப்பு நிறம், அக்கம்பக்கத்துப் பச்சையுடன் கலந்து மறைந்துபோகும்.

ஆகவே டிரோன் காணொளியில் நோய்ப்புள்ளியைத் தேடுவது வீண் வேலை. தேடத்தக்கது தழையின் மெலிவும், கிளை வெளித்தெரிவதும், ஒரு நிரை பக்கத்து நிரையைவிட மஞ்சளித்திருப்பதுமே. இதற்குங்கூட, மிகையாகச் சுருக்கிய படம் கேடு செய்யும். இலைகளுக்கு இடையே உள்ள சிறு இடைவெளிகள் பச்சையோடு பச்சையாகக் குழைந்து, மெலிந்த மரம் அடர்ந்ததுபோல் தோன்றக்கூடும். அப்படத்தைப் பார்த்து 'மரம் நன்றாகத்தான் இருக்கிறது' என்று ஒருவர் முடிவு கட்டினால், அது பார்த்தவரின் பிழை அன்று. கழிந்துபோன இலைகளின் பிழை.

எமது கருத்தைச் சொல்வதானால், மெலிந்த நிரை இதுவென்று காணொளியில் கண்டதும், காணொளியை நிறுத்திவிட்டு அவ்விடத்தில் நிழற்படம் எடுத்தல் வேண்டும். நிழற்படம் மற்றொரு படத்தைச் சார்ந்து எழுதப்படுவதில்லை. அதற்குக் கிடைக்கும் பங்கும் பன்மடங்கு பெரிது. அதன்பின் காலால் நடந்து சென்று, உதிர்ந்த இலையைக் கையில் எடுத்துப் பார்த்தல் வேண்டும். விடியலில் நிரைக்கு நிரை நடப்பவர், காலடியில் இலை மிகுவதை டிரோனுக்கு முன்பே அறிந்திருப்பார். அந்த இலையையும் படத்தையும் சேர்த்து ரிஸ்டா அதிகாரியிடமோ மலேசிய ரப்பர் வாரியத்தினரிடமோ காட்டினால் பேச்சுக்கு ஆதாரம் இருக்கும்.

பறக்கவிடும்போதும் பிறகும்

தழையைப் படம் பிடிப்பதற்குக் காற்றெழாத காலை வேளை ஏற்றது. இலை அசையாவிட்டால் எழுத வேண்டிய மாற்றம் குறையும். மிஞ்சிய பங்கு நுணுக்கத்துக்குச் செல்லும். ஆனால் இருள் பிரியாத நேரம் ஆகாது. மங்கிய ஒளியில் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். கருவி அவற்றையும் மாற்றம் என்று எண்ணித் தன் பங்கை வீணாக்கும். மெதுவாகப் பறக்கவிடுவதும் இதே காரணத்தால் நன்று. கருவியில் எச்.265 இருந்து, அதைத் திறக்கும் கணினியும் கைவசம் இருந்தால், தழைக்கு அதையே தேர்க. சுமையைப் பாதியாக்குவதற்காக அன்று, அதே சுமையில் கூடுதல் இலையைக் காப்பதற்காக. நிறத்தை 256 படிகளுக்குப் பதில் 1,024 படிகளாகப் பிரித்து எழுதும் பத்து பிட் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். இளமஞ்சளுக்கும் இளம்பச்சைக்கும் உள்ள நூலிழை வேறுபாடு அதில் தங்கும். கோயில் விழாவையோ திருமணத்தையோ எடுப்பதற்கு இத்தனை தொல்லை வேண்டாம். எச்.264 போதும், பாட்டியின் பழைய தொலைக்காட்சிப் பெட்டியிலும் ஓடும்.

அனுமதியின்றி 400 அடிக்கு மேல் பறக்கவிடுவது நம் நாட்டின் வான்போக்குவரத்து விதிகளுக்கு மாறானது என்பதை இங்கே ஒரு சொல் சொல்லிவைக்கிறோம். அவ்வுயரத்திலிருந்து இலையும் தெரியாது.

படம் எடுத்து முடித்த பின்னரே பெரும்பாலானோர் தவறிழைக்கிறார்கள். டிரோனில் வந்த மூலக் கோப்பை வாட்ஸ்அப் வழியே காணொளியாக அனுப்பினால், அது மீண்டும் ஒருமுறை கடுமையாகச் சுருக்கப்படுகிறது. பெற்றவர் மற்றொருவருக்கு அனுப்ப, அவர் அதைக் கணினியில் வெட்டி ஒட்ட, ஒவ்வொரு முறையும் மேலும் கழிகிறது. கடைசியில் வருவது ஒட்டுப்பாலைப் போன்றது; அதை ஷீட் என்று விற்க இயலாது. இதனினும் கொடுமை, நகல் கைப்பேசியில் இருக்கிறதே என்று நினைவட்டையை அழித்துவிடுவது.

மூலக் கோப்பைத் தொடாமல் இரு வேறு வன்தட்டுகளில் வைத்து, எடுத்த நாளையும் நிரையையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுக. மற்றவருக்குக் காட்ட எச்.264-இல் சிறு நகல் ஒன்று செய்துகொள்க. மூலத்தையே அனுப்ப வேண்டியிருந்தால், வாட்ஸ்அப்பில் காணொளி என்று சேர்க்காமல் ஆவணம் என்று சேர்த்து அனுப்பினால் அது சுருக்கப்படாமல் போய்ச்சேரும். 2 கிகாபைட் வரையில் அவ்வாறு அனுப்பலாம். நொடிக்கு 100 மெகாபிட் எழுதும் கருவியில் அது இரண்டரை நிமிடப் படம். மெலிந்த நிரை ஒன்றைக் காட்ட அது போதும்.